கன்னத்தில் வைக்காத யானை

ஜூலை 8

இப்படி ஆகும் என்று எனக்கு முன்பே தெரியும். நேற்று சூளைக்குள் முதல் சத்தம் கேட்டதுமே, "போச்சு, பக்கத்துல இருக்கறதையும் சேர்த்துக் கொண்டுபோயிடும்" என்றேன். அப்படியே ஆயிற்று. பிள்ளைகள் செய்த இருபத்தாறு களிமண் பொம்மைகளில் தப்பியது நாலு.

பள்ளியில் கைவேலை வகுப்பு எடுக்கும் என் அக்கா மகள், காலையில் சூளையைத் திறந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, ஒவ்வொண்ணையும் கன்னத்துல வெச்சுப் பாத்தீங்கதானே?"

ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம், சூட்டில் வெடித்துவிடும், சூளையில் அடுக்கக் கூடாது. அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

"பாக்காம? மண்ணு என்கிட்ட பேசும்மா! அந்தக் குண்டு யானை வேணாம்னு தனியா எடுத்து வெச்சேன். வாயாடிதான் நைசா உள்ள வெச்சிட்டா. கண்ணால பாத்தேன்."

யானையைச் செய்த வாயாடிக்கு ஒன்பது வயசு. பட்டப்பெயர் நான் வைத்தது.

ஜூலை 9

"என் ஆமையைக் கொன்னுட்டா!" என்று ஒருத்தி அழுகிறாள். வாயாடி, "நான் வைக்கல மிஸ்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். யார் நம்புவார்கள்? பெரிய மனுஷன் பார்த்தேன் என்கிறானே.

ஜூலை 11

அவளை நெசவு மேசைக்கு மாற்றிவிட்டார்கள். அட்டையில் நீளவாக்கில் பாவு நூல் கட்டி, கம்பளி நூலை மேலும் கீழுமாகக் கோக்கும் வேலை. பிறந்ததே தறியில்தான் என்று பீற்றிக்கொண்டு சொல்லிக்கொடுக்கப் போனேன். நூல் என் விரலிலேயே சிக்கிக்கொண்டது. அவள் வாங்கி, சிக்கெடுத்து, என் கையிலேயே கொடுத்தாள்.

ஜூலை 12

சோற்றைப் பிசைந்து, அப்படியே காக்கைக்கு வைத்துவிட்டேன்.

ஜூலை 15

வாயாடியின் அம்மா வந்தாள், தையல்காரி. "இனிமே இந்த கிளாசுக்கே வரலையாம் சார். வீட்லயும் வாயே திறக்கறதில்ல. அவ பொய் சொல்ற புள்ள இல்ல. நீங்க நெசமாவே பாத்தீங்களா?"

தலையாட்டினேன். தலைதான் ஆடியது, நான் ஆட்டவில்லை என்று எழுதலாமா? — சீ!

ஜூலை 16

தையல்காரி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் தையலை நிறுத்தவே இல்லை. வாயாடிதான் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள்.

"இத கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"மாத்தாம?"

ஜூலை 17

மாற்றாமல் சொன்னேன். வாயாடி முதல் வரிசையில் உட்கார்ந்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அக்கா மகள் சூளை அறைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "மாமா" என்று கூப்பிடவில்லை.

இங்கேயும் எழுதி வைக்கிறேன். வாயாடி அன்றைக்குச் சூளை அறைக்கே வரவில்லை. யானையைக் கன்னத்தில் வைத்துப் பார்க்காமலே எடுத்து அடுக்கியது நான். பார்த்தேன் என்றது என் பொய்.