நீங்கள் தள்ளிப்போட்ட முழுக்கு

நம் லாரியை வாங்கியவர் நேற்று ஒரு பையைக் கொடுத்தனுப்பினார். சீட்டுக்குப் பின்னால் இருந்த சாமான்களாம். உங்கள் லுங்கி, சோப்பு டப்பா, தேய்ந்த செருப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் கவர் பிரிக்காத வெள்ளை வேட்டியும் சட்டையும். பிரித்தேன். புதுத்துணி வாசனை போய் டீசல் வாடை ஏறியிருந்தது. ஞானஸ்நானத்துக்கு என்று சங்ககிரியில் நான் எடுத்துக் கொடுத்த துணி. பீரோவில் கிடக்கிறது என்றல்லவா நினைத்திருந்தேன்? இத்தனை வருஷமும் அதைக் கூடவே வைத்துக்கொண்டு வடக்கே லோடு ஏற்றிப் போய் வந்திருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை. உங்கள் மேல் கோபம்தான் வந்தது.

நான் பள்ளிபாளையத்துக் கிறிஸ்தவ வீட்டுப் பெண். நீங்கள் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டும் வீட்டின் ஒரே மகன். கல்யாணமான புதிதில் என்னை ஆலயத்தில் இறக்கிவிட்டு வெளியிலேயே நிற்பீர்கள். அப்புறம் வாசல்படி வரை வந்தீர்கள். அப்புறம் கடைசி வரிசை. நானாக ஒருநாளும் கூப்பிட்டதில்லை. திருவிருந்து கொடுக்கும்போது மட்டும் எழுந்து போய் வேப்பமரத்தடியில் நிற்பீர்கள். ஞானஸ்நான முழுக்கு எடுக்காதவர் அந்த அப்பத்தைத் தொடக் கூடாது என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை, நீங்களே தெரிந்துகொண்டீர்கள். உள்ளே நான் அப்பத்தை வாயில் வைத்தபடி ஜன்னல் வழியே உங்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு கிறிஸ்துமஸ் மதியம் சோறு சாப்பிட்டுக்கொண்டே சொன்னீர்கள்: "வண்டி மலையேத்தத்துல நின்னுபோச்சுன்னா நாம அதத் தூக்கிட்டா ஷெட்டுக்குப் போறோம்? மெக்கானிக்தான் நின்ன எடத்துக்கு வரோணும். சாமி பொறந்து வந்ததும் அதுக்குத்தானே? நம்மளால ஏறிப் போக முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு."

"கடைசி வரிசையில உக்காந்துட்டே பிரசங்கத்துக்குத் தயாராயிட்டீங்களா?" என்று நான் சீண்டினேன். சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டீர்கள். இரட்சிப்பு என்று என் சின்ன வயதிலிருந்து கேட்ட வார்த்தை அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. அதை உங்களிடம் சொல்லாமல் பெருமைக்காக மறைத்துக்கொண்டேன்.

அப்படி நம்பின மனுஷன் ஏன் முழுக்கு எடுக்க ஆற்றில் இறங்கவில்லை? அத்தைக்காக, உங்கள் அம்மாவுக்காக. ஞானஸ்நானம் எடுத்தவன் கையால் கொள்ளி வைக்கப் பங்காளிகள் விடமாட்டார்கள் என்று உங்களுக்குப் பயம். பெற்றவளுக்கு வேறு மகன் கிடையாது. "அம்மாவ நல்லபடியா அனுப்பிவெச்சுப்போட்டு வாரேன். காரியம் முடிஞ்ச மறுநாளே ஆத்துல எறங்கிர்றேன்" என்பீர்கள். சாவு என்ன வயசு பார்த்து வரிசையிலா வரும் என்று எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்! அத்தை காதில் விழப்போகிறது என்று கையைக் காட்டி என் வாயை அடைப்பீர்கள்.

சாவு வரிசையில் வரவில்லை. சரக்கு இறக்கப் போன ஊரில், கேபினில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். உங்களை வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் வாசலில் பங்காளிகள் பந்தல் போட்டுவிட்டார்கள். போதகர் ஐயாவும் வந்தார். கல்லறைத் தோட்டத்தில் ஒரு இடம் கொடுங்கள் என்று கேட்டேன். "முழுக்கு எடுக்கலையேம்மா, சபையில ஒத்துக்க மாட்டாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார். நமக்குப் பிள்ளையும் இல்லை. உங்கள் பெரியப்பா மகன் கொள்ளி வைத்தார். சாம்பலைக் காவிரியில் கரைத்தார்கள். நீங்கள் இறங்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஆற்றில் அப்படித்தான் இறங்கினீர்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். உங்களை மறுபடி பார்ப்பேனா, மாட்டேனா? ஜெபத்தில் உட்கார்ந்தால் அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. வேதத்தைத் திறந்தால் ஒரு பக்கம் பார்ப்பாய் என்கிறது, இன்னொரு பக்கம் என்னைப் பயமுறுத்துகிறது. மூடி வைத்துவிட்டேன்.

டிசம்பர் வந்தது. எழவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது என்பது அத்தையின் முறை. எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை, நட்சத்திரம் கட்டவில்லை. எனக்கு அது வசதியாகவே இருந்தது. பாட்டுப் பாட வந்த சபைக்காரர்களையும் வர வேண்டாமென்று சொல்லிவிட்டேன். கிறிஸ்துமஸ் காலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அத்தை குளித்து வெள்ளைச் சேலை கட்டி வந்து நின்றார்கள்.

"எந்திரி கண்ணு. கோயிலுக்குப் போலாம்."

"எந்தக் கோயிலுக்கு அத்தை?"

"உங்க கோயிலுக்குத்தான். அந்தப் போதகர்கிட்ட ஒண்ணு கேக்கோணும்."

ஒருநாளும் அந்தப் படி மிதிக்காதவர்கள். ஆராதனை முழுக்க, நீங்கள் உட்காரும் இடம் என்று தெரியாமலே கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மாட்டுத்தொழுவத்தில் பாலகன் பிறந்த வசனத்தை வாசித்தபோது முன்னால் குனிந்து கேட்டார்கள். எல்லோரும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லிக் கலையும்போது நேராகப் போதகர் ஐயா முன்னால் போய் நின்றார்கள்.

"ஏனுங்க சாமி, எம்பையன் இப்ப எங்க இருக்கறான்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போதகர் ஐயா, "எனக்குத் தெரியலீங்கம்மா" என்றார். பொய் சொல்லாததற்காக அவரை அன்றைக்கு மன்னித்துவிட்டேன்.

அத்தை விடவில்லை. "மாட்டுக் கட்டுத்தாரை வரைக்கும் வந்து பொறந்த சாமின்னு இப்பத்தான் படிச்சீங்க. அத்தனை தூரம் எறங்கி வந்தவரு, சுடுகாட்டுக்கு வரமாட்டாருங்களா?"

போதகர் ஐயா அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். சபைச் சட்டம் மாறிவிடவில்லை. உங்களுக்குக் கல்லறையும் கிடைக்கவில்லை. ஆனால் பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் என்னால் மூச்சை முழுசாக இழுத்துவிட முடிந்தது.

திரும்பும் வழியில் பைபாஸ் ஓரம் வரிசையாக லாரிகள் நின்றன. எந்த லாரியையும் அத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பாதி தூரம் நடந்த பிறகு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்கள்:

"எனக்குக் கொள்ளி நீயே வெச்சுப்போடு கண்ணு."

"நான் ஞானஸ்நானம் எடுத்தவ அத்தை. பங்காளிங்க விடமாட்டாங்க."

"அவனுக என்ன விடறது? முங்குன கையின்னா தீப் பத்தாதா? என்ற புள்ள கையா இருந்தாச் சரி."

நடுரோட்டில் நின்றுவிட்டேன். நீங்கள் வருஷக்கணக்கில் கேட்கப் பயந்த கேள்விக்கு, அந்த மனுஷி ஒரு மூச்சில் பதில் சொல்லிவிட்டு முன்னால் நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். ஒரே கூரைக்குக் கீழே, நீங்களும் அத்தையும் ஒருவருக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். அவர்களுக்காகத்தான் நீங்கள் முழுக்கைத் தள்ளிப்போட்டீர்கள் என்று அத்தையிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். சொன்னால் தாங்க மாட்டார்கள். அதை நான் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

கொள்ளி நானே வைக்கிறேன் என்று அத்தையிடம் ஒப்புக்கொண்டேன்.