டெல்டா செக்

மார்ச் 4

அன்பு அக்கா,

ஃபோனில் பேசினால் அவர் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். அதனால்தான் கடிதம். பழங்காலத்து ஆள் என்று சிரிக்காதே.

கப்பல் வேலையிலிருந்து என் வீட்டுக்காரர் திரும்பியதிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை. சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்த மனுஷன் இப்போது பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்து வைக்கிறார். சந்தோஷப்பட வேண்டியதுதானே? நானோ ராத்திரியில் குழந்தைகளோடு உள்ளே தாழ்போட்டுப் படுக்கிறேன்.

களைப்பாக இருக்கிறது என்றார். நீ வேலை பார்க்கும் லேபின் இந்த ஊர்க் கிளையில் ரத்தம் கொடுத்தோம். ரிப்போர்ட் தரவில்லை. “டெல்டா செக்ல நிக்குது, மறுபடி எடுக்கணும்” என்றாள் கவுண்டர் பெண். பெரிய வியாதியா அக்கா? மறைக்காமல் எழுது.

உன் வாயாடி

மார்ச் 9

என் செல்லத்துக்கு,

அது வியாதியின் பெயர் இல்லையடி. ஒருவருடைய இன்றைய முடிவை அவருடைய பழைய முடிவோடு கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் அளவுக்கு மீறினால் ரிப்போர்ட்டை நிறுத்திவைக்கும். அதுதான் டெல்டா செக். உடம்பே மாறியிருக்கலாம். சில நேரம் டியூபில் அடுத்தவர் பெயரை ஒட்டிவிடுவார்கள், எங்கள் ஆட்கள் கைவரிசை.

அவருடையதை எடுத்துப் பார்த்தேன். ரத்தப் பிரிவே வேறாக இருக்கிறது. அது சும்மா மாறாது. பழையதை உன் கல்யாணத்துக்கு முன் என் கையால்தான் எடுத்தேன், உன்னுடையதையும் சேர்த்து. அதில் தப்பு நடக்கவில்லை.

ஒன்று செய். இருவரும் போய் மறுபடி கொடுங்கள். உன்னுடையது பழையதோடு ஒத்துப்போய், அவருடையது மட்டும் ஒத்துப்போகாவிட்டால், வீட்டில் இருப்பது அவர் இல்லை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிடு. எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

நீங்கள் எழுதியபடியே இருவரும் போய் ரத்தம் கொடுத்தோம். இருவருடையதும் பழையதோடு சேரவில்லையாம். கவுண்டர் பெண் தன்மேல்தான் தப்பு என்று அழுதுவிட்டாள். பாவம், டியூபில் பெயரை அவள் சரியாகத்தான் ஒட்டினாள். அவள் வேலைக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு ஒழுங்காக இருக்கிறது. குழந்தைகள் முதலில் என்னிடம் ஒட்டவில்லை. இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறார்கள்.

உங்கள் தங்கைக்கு உங்கள்மேல் உயிர். “அக்கா வந்துடுவா, அக்கா வந்துடுவா” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தாள். அதை உங்களுக்குத் தெரிவிப்பதுதான் மரியாதை என்று அவர் சொன்னார்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை