வண்டியில் ஏறச் சொன்னது நான்

1936 ஆவணி, செவ்வாய்க்கிழமை.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்தபோது நாகமுத்து வாசலில் குந்தியிருந்தாள். பல வருடங்களாகச் சாவகச்சேரிச் சந்தைக் கொட்டகையில் படுத்தெழும்புகிற வீடில்லாத ஆறு பேரில் அவளும் ஒருத்தி. கால் இரண்டும் வீங்கியிருந்தன.

மானிப்பாயில் அவர்களுக்கு ஒரு மடம் ஆயத்தம் என்று கிராமச் சங்கத் தலைவர் கந்தையா அண்ணை சொல்லியிருந்தார். அதை நம்பி, ஞாயிற்றுக்கிழமை நானே அவர்களிடம் பேசி வண்டியில் ஏற்றிவிட்டேன்.

"மடம் ஒண்டும் இல்லை, வாத்தியார். பளைக்கு அங்காலை பத்தைக்காட்டிலை இறக்கிப்போட்டுப் போட்டினம். மற்ற ஆக்கள் அங்கைதான் கிடக்கினம். நான் நடந்து வந்தனான்" என்றாள்.

நேரே கந்தையா அண்ணையிடம் போனேன். அவர் எதையும் மறைக்கவில்லை.

"நாளைக்கு அரசாங்கக் கச்சேரிப் பெரிய துரை சந்தை பார்க்க வாறார். உவையை அங்கை வைச்சுக்கொண்டு என்னெண்டு காட்டிறது?"

"அப்ப மடம்?"

"அதைப் பிறகு பார்ப்பம், தம்பி. என்ரை சொல்லுக்கு உவை ஏறுவினமோ? உம்மடை சொல்லுக்குத்தான் ஏறிச்சினம்."

இருபது வருடமாக நான் அண்ணை என்று கூப்பிட்ட மனிதர்.

மற்றவர்களைக் கூட்டிவர விடியவே போகவேண்டும். நாகமுத்துவை வீட்டுக்கு அழைத்துவந்தேன். மனைவி சோறு போட்டாள். விறாந்தையில் பாய் விரித்துக் கொடுத்தேன். அவள் படுக்காமல் நின்றாள்.

"இஞ்சையிருந்து எங்களை எப்ப வண்டியிலை ஏத்துவியள், வாத்தியார்?"

அவள் கோபத்தில் கேட்கவில்லை. எந்த நாள் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.