மோட்டார் கொட்டகையில் ஒளிந்திருந்தது

ஐப்பசி 5, புதன்

காலையிலிருந்து தூறல். பார்த்த மாடு பதினான்கு. எல்லாம் தோல் கழலை. ஊரில் அம்மை என்கிறார்கள். காய்ச்சல் ஊசி, வேப்பிலை மஞ்சள் பூச்சு, அவ்வளவுதான் என் கையில். மேலத்தெருவில் ஒரு கன்று போய்விட்டது.

மருந்தகத்தைப் பூட்டும்போது தம்பி முருகேசன் வந்து நின்றான். காலில் செருப்பில்லை.

"அக்கா, பெட்டிய எடுத்துக்கிட்டு வா. நம்ம மோட்டார் கொட்டகையில ஒருத்தர் அடிபட்டுக் கிடக்குறாரு."

"ஆம்புலன்சுக்கு போன் பண்ணு. நான் மாட்டு டாக்டர்."

"அதனாலதான் உன்னைக் கூப்பிடுறேன்."

போனேன். குத்தகை வயலின் நடுவே நாற்று கருகி ஒரு வட்டம். அங்கிருந்து கொட்டகை வரை சேற்றில் இழுத்த தடம். உள்ளே அது. ஆள் உயரம். ஈரக் களிமண் நிறம். கைக்கு மூன்று விரல். காது, முடி எதுவும் இல்லை. இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தீய்ந்த காயம். மேலேயிருந்து விழுந்ததாம். முருகேசன் கண்ணால் பார்த்திருக்கிறான்.

நாடி நிமிடத்துக்கு இருபது. அயோடின் வைத்துக் கழுவினேன். மரத்துப்போகும் ஊசி போடவில்லை. அளவு தெரியாது. இருப்பும் குறைவு. அது கத்தவில்லை, உடம்பு மட்டும் நடுங்கியது. முருகேசன் அதன் கையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதுங்களா, வலிக்குதுங்களா" என்று கேட்டபடி இருந்தான்.

கிளம்பும்போது கழுத்தில் மாட்டுக் கயிற்றைப் போட்டுத் தூணில் கட்டினேன். கதவுக்குப் பூட்டு. முருகேசனுக்குப் பிடிக்கவில்லை.


ஐப்பசி 7, வெள்ளி

வெயில். வாங்க வேண்டியவை: குளுக்கோஸ் பாட்டில், பினாயில், சிரிஞ்சு, குடைக்குக் கம்பி.

பேசுகிறது. இரண்டே நாளில். நான் நுழைந்ததும், "வாங்க, உக்காருங்க" என்றது. முருகேசன் பேச்சு அப்படியே. அவன் அதை 'அவரு' என்கிறான். எனக்கு வாயில் வரவில்லை.

எங்கிருந்து என்று கேட்டால் கூரையைக் காட்டுகிறது.

"ஏன் ஓடி வந்தே?"

"தேடுறாங்க. ரெண்டு பேரு. புடிச்சா கூட்டிட்டுப் போயிருவாங்க."

"என்ன தப்பு பண்ணினே?"

"முடியாதுன்னு சொன்னேங்க."

எதற்கு முடியாது என்றால் மறுபடி கூரையைக் காட்டுகிறது.


ஐப்பசி 8, சனி

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

அஞ்சம்மாளுக்கு இருப்பது ஒரே மாடு. புருஷன் இல்லை, பால் விற்றுத்தான் பிழைப்பு. என்னிடம் ஓட்டி வரும் வழியில் நம் வரப்பிலேயே மாடு படுத்துவிட்டது. மழை வேறு. முருகேசன் நாலு பேரைப் பிடித்துக் கொட்டகை வாசலில் கொண்டுவந்து போட்டான். காய்ச்சல் 106. எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்தேன். பிழைக்காது என்றுதான் நினைத்தேன்.

உள்ளேயிருந்து, கயிறு எட்டும் மட்டும் அது நகர்ந்து வந்தது. மாட்டின் கழுத்தில் மூன்று விரலையும் வைத்தது. பத்து நிமிடம். காய்ச்சல் 101. கழலைகள் வற்றின. மாடு எழுந்து நின்று மூத்திரம் பெய்தது. அதன் கையிலோ, தோளிலிருந்து மணிக்கட்டு வரை, அதே கழலைகள். நோயைத் தன் உடம்புக்கு வாங்கிக்கொள்கிறது.

கதவைச் சாத்திவிட்டு அஞ்சம்மாளைக் கூப்பிட்டேன். அழுதாள். "டாக்டரம்மா, என்ன ஊசி போட்டீங்க?"

"புது ஊசி."

அவள் போனதும் அதனிடம் கேட்டேன்: "இன்னொரு மாடு பாக்குறியா?"

தன் கையைப் பார்த்தது. பிறகு என்னை. "கொண்டு வாங்க" என்றது.


ஐப்பசி 12, புதன்

தினம் ஆறு மாடு. வாசலில் மாட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறேன். ஊசி ரகசியம் என்று பேச்சு. இருக்கட்டும்.

இன்று பெரிய வீட்டு மாணிக்கம் நான்கு மாடு ஓட்டி வந்தார். அவர்கள் கொல்லையில் எங்கள் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூலிக்கு நின்றவர். மாணிக்கம் இன்று நம் வரப்பில், மழையில், "டாக்டரம்மா, கொஞ்சம் பாருங்க" என்றார். ஒரு மணி நேரம் நிற்கவைத்தேன். எனக்கு வேலை எதுவும் இல்லை. உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அதன் நிலை: கழலை முப்பத்தொன்று. இடது கண் மூடிவிட்டது. இடுப்புக் காயம் மறுபடி வாய் பிளந்திருக்கிறது.

முருகேசன்: "நிறுத்துக்கா. ரெண்டு நாளா அவரு ஒண்ணுமே சாப்பிடல."

"இன்னும் நாப்பது மாடு பாக்கி."

"அவரும் ஒரு உயிர்தானே?"

"சாவுற கன்னுக்குட்டியும் உயிர்தான். அதுக்கு நீ பதில் சொல்றியா?"

நான் கன்றுகளுக்காகப் பேசவில்லை. அது எனக்குத் தெரியும். மத்தியானம் மேலதிகாரி போன். "இந்த வாரம் உங்க ஏரியாவுல மட்டும் சாவே இல்லியேம்மா, என்ன பண்றீங்க?" தஞ்சாவூரில் ஓர் இடம் காலி என்றும் சொன்னார்.

சாயங்காலம் கூடுதலாக இரண்டு மாடு.


ஐப்பசி 16, ஞாயிறு

விடாத மழை. காலை பத்து மணிக்குக் குடமுருட்டி ஆற்றுக் கரையில் உடைப்பு. ஊரே மண் மூட்டையோடு ஓடியது. முருகேசன் முன்னால். சவுக்குக் கட்டை அடிக்க இறங்கியவன், கரை சரிந்ததில் உள்ளே போய்விட்டான். கட்டைகளுக்கு நடுவில் கால் சிக்கியிருக்கிறது. தலை தெரிந்தது, மறைந்தது. யாரும் இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை.

வயலுக்குக் குறுக்கே அது ஓடி வந்தது. கழுத்தில் அறுந்த கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. கதவுப் பூட்டு கையோடு வந்திருந்தது. பதினோரு நாளில் எந்த நிமிடமும் அதனால் போயிருக்க முடியும்.

உடைப்பில் குதித்தது. ஒரு கையால் சவுக்குக் கட்டைகளைப் பிடுங்கி எறிந்தது. முருகேசனைத் தூக்கிக் கரையில் போட்டது. பிறகு ஆற்றுக்கு முதுகைக் கொடுத்து உடைப்பை அடைத்து நின்றது. தண்ணீர் நின்றுவிட்டது. அதன் உடம்பை ஒட்டி ஜனங்கள் மூட்டை அடுக்கினார்கள். ஒரு மணி நேரம். செல்போனில் படம் பிடித்தவர்கள் உண்டு.

முருகேசனுக்கு நினைவில்லை. வேனில் ஏற்றி மன்னார்குடிக்கு அனுப்பினோம்.

உடைப்பு அடைபட்டதும் அது மேலே ஏறி உட்கார்ந்தது. அப்போதுதான் கழலைகளை எல்லோரும் பார்த்தார்கள். மாணிக்கம் சொன்னார்: "இதனாலதான்யா நம்ம மாட்டுக்கெல்லாம் அம்மை."

முதலில் ஒரு மண்ணாங்கட்டி. அப்புறம் மண்வெட்டிக் காம்பு. அஞ்சம்மாளும் ஒரு கல் எடுத்தாள். யாரோ கேட்டார்கள்: "டாக்டரம்மா, இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதுவும்.

"தெரியாது" என்றேன்.

இன்னும் அடித்தார்கள். அது கையைத் தூக்கவில்லை. சற்று முன்னால் சவுக்குக் கட்டையைப் பிடுங்கிய கை.

கொஞ்ச நேரம் கழித்து நான்தான் தடுத்தேன். "கொன்னா நோய் பரவும். கொட்டகையில போட்டு வேற பூட்டால பூட்டி, சாவிய எங்கிட்ட குடுங்க. நான் மேல சொல்லிக்கிறேன்." பாக்கி மாடுகள்தான் மனதில்.


ஐப்பசி 17, திங்கள்

தம்பி கண் விழித்துவிட்டானாம். போன் வந்தது.

காலையில் மருந்தகத்துக்கு இரண்டு பேர். நல்ல சட்டை, நல்ல பேச்சு. குடையில்லாமல் மழையில் வந்தார்கள், ஒரு துளி நனையவில்லை. கரையில் செல்போனில் பிடித்த படத்தைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள்.

"அது எங்க இருக்கு?" அவர்களும் 'அது' என்றுதான் சொன்னார்கள்.

என்ன குற்றம் செய்தது என்று கேட்டேன்.

"எங்க இடத்துல எல்லாரோட நோயையும் வாங்கிக்கத்தான் அது. ஒரு நாள் முடியாதுன்னு சொல்லிட்டு ஓடிருச்சு. இங்க எப்படிச் செய்ய வச்சீங்க?"

"செய்யறியான்னு கேட்டேன்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதுகிட்ட யாரும் கேட்டதில்ல" என்றார் ஒருவர். அவருக்குக் கொஞ்சம் சிரிப்பு.

"ஒரு வாரம் விட்டுட்டுப் போங்க. மாடு பாக்கி இருக்கு."

"அது அவ்வளவு நாள் தாங்காது."

"நாலு நாள்?"

"இன்னைக்கே."

சாவியை எடுத்துக் கொடுத்தேன். கொடுக்காவிட்டாலும் உடைத்திருப்பார்கள். ஆனால் அதற்காகக் கொடுக்கவில்லை. அது இங்கே இருந்தால் என்றைக்காவது பேசும். புது ஊசி என்னவென்று ஊருக்குத் தெரியும்.

கூடவே போனேன். கதவு திறந்தது. அவர்களைப் பார்த்து அது அசையவில்லை. என்னைத்தான் பார்த்தது, திறந்திருந்த ஒற்றைக் கண்ணால்.

"தம்பி நல்லாருக்காருங்களா?"

தலையை ஆட்டினேன். சுவரைப் பிடித்து எழுந்தது. அவர்கள் கைத்தாங்கலாகக்கூடப் பிடிக்கவில்லை. வாசலைத் தாண்டும்போது, "போயிட்டு வரேங்க" என்றது.

கருகிய வட்டத்தின் நடுவில் போய் நின்றார்கள். ஒரு வெளிச்சம். அப்புறம் வயல்தான்.


ஐப்பசி 19, புதன்

மழை விட்டது. மேலத்தெருவில் இரண்டு மாடு போய்விட்டன. கீழத்தெருவில் ஒன்று. கேட்டவர்களிடம் ஊசி தீர்ந்துவிட்டது என்றேன்.

போன வாரத்துக்கான அறிக்கையை அனுப்பினேன். இறப்பு: இல்லை. காரணம்: உரிய நேரத்தில் சிகிச்சை. கையெழுத்து, முத்திரை.

மத்தியானம் முருகேசன் வீட்டுக்கு வந்தான். காலில் மாவுக்கட்டு. ஊரில் எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். ரசம் சாதம் வைத்தேன். பிசைந்தான், சாப்பிடவில்லை.

"சாவிய நீயேதான் குடுத்தியா?"

"ஆமாம்."

தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு கேட்டான்: "போறப்ப என்னைப் பத்தி எதுவும் கேட்டாராக்கா?"

"இல்ல" என்றேன்.