அப்பாவை விடாத நாடு

சனிக்கிழமை, இரவு.

இன்று பள்ளிகளுக்கான மாதிரி ஐ.நா. சபை, ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாகப் பேசும் போட்டி. சீட்டுக் குலுக்கலில் எனக்கு விழுந்தது, படகு இன்ஜின் நின்று எல்லை தாண்டிப் போன அப்பாவைப் பிடித்து வைத்திருக்கும் அதே நாடு. சீட்டை மாற்றித் தரமாட்டார்கள். 'நான்' என்று சொல்லவே கூடாது, நாடாகத்தான் பேச வேண்டும் என்பது விதி.

"எல்லை தாண்டிய மீனவர்களை எங்கள் நாடு விடுவிக்காது" என்று பேசினேன். கை தட்டினார்கள். சிறந்த பிரதிநிதி என்று கேடயம் வேறு.

வீட்டில் அம்மா அதை மாதா படத்தருகே வைத்தாள்.

"பெரிய ஆபீசருங்க எல்லாம் வந்திருந்தாங்களாமே. அப்பாவப் பத்திப் பேசுனியா?"

"பேசுனேம்மா."

"என்ன சொன்னாங்க?"

விடமாட்டோம் என்று சொன்னதே நான்தான்.

"பாக்குறோம்னாங்க" என்றேன்.

இதை எழுதும்போதும் அம்மா அந்தப் படத்தின் முன் முழங்காலில்தான் இருக்கிறாள்.