ஒன்றரை லிட்டர் உண்மை

என் உயிருக்கு உலை வைத்த மருமகனே,

பித்தப்பையைப் பறிகொடுத்த பேரரசனான உன் தாய்மாமன், செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதுவது.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் எனக்கு மூச்சு முட்டியது. "முட்டுக்காட்டுக் காயல் தண்ணி மொத்தமும் என் நெஞ்சுல நிக்குது சிஸ்டர்" என்றேன். அந்த அம்மா பதறி, துணைக்கு இருந்த உன்னைப் பார்த்தார். போனிலிருந்து தலையைத் தூக்காமல் நீ என்ன சொன்னாய்?

"கண்டுக்காதீங்க சிஸ்டர். எங்க மாமா, கொசு கடிச்சாலே முதலை கடிச்சிடுச்சின்னு சொல்லிகினு இருப்பாரு."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் இரண்டு நாள் படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சைப் பிச்சை எடுத்தேன். பிறகுதான் பெரிய டாக்டர் வந்து முதுகைத் தட்டிப் பார்த்து, ஸ்கேன் எடுத்தார். வயிற்றில் ஆபரேஷன் செய்தால் சிலருக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளுமாம். முதுகில் ஊசி குத்தி ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள். அப்போதும் நீ கேன்டீனில் இருந்தாய்.

ஆகவே, இனி எதையும் மிகைப்படுத்துவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினத்துப் பெண் வீட்டார் உன்னைப் பற்றி விசாரிக்க என்னிடம்தான் வருகிறார்கள். என் வாய் உன்னைத் தங்க மெடல் எஞ்சினியர் ஆக்கிவிடும் என்று உன் அம்மா மலைபோல் நம்புகிறாள். பொத்தேரி காலேஜில் நீ வைத்திருக்கும் பதினொரு அரியரையும் பாடத்தின் பெயரோடு சொல்லப்போகிறேன். பயப்படாதே, பதினொன்றைப் பன்னிரண்டு என்று சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
மூச்சு திரும்பிவிட்ட உன் தாய்மாமன்