கெட்டி ஆயில்

என் வாயாடிக்கு,

நீயும் குட்டியும் சுகமா? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. என் சமையலில் உப்புதான் ஒருநாள் கூடுகிறது, ஒருநாள் குறைகிறது.

பட்டறையில் ஒரு பழைய காரால் மண்டை காய்ந்துவிட்டது. ஓடும்போது ஒழுங்காக ஓடும். சிக்னலில் நின்றால் குலுங்கும். வால்வு திறக்கும் நேரம் தப்புகிறது என்றது ஸ்கேனர். அந்த நேரத்தை மாற்றிக்கொடுக்கும் சோலினாய்டைப் புதிதாகப் போட்டேன். எச்சரிக்கை விளக்கு அணையவில்லை. சென்சாரை மாற்றியும் அப்படியே.

ஃபோர்மேன் ஆயிலைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். "போன சர்வீஸுக்கு ஆயில் ஊத்துனது யாரு?"

"நான்தாண்ணே. பழைய வண்டியாச்சேன்னு கெட்டியானதா பாத்து ஊத்தினேன். எங்க ஊர்ல அப்படித்தான்."

"பாசம் சரிப்பா. ஆயில் வேகமா போய்த் தள்ளினாத்தானே இதுல வால்வு நேரம் மாறும்? இவ்வளவு கெட்டியா இருந்தா எப்படிப் போகும்?"

இளக்கமான ஆயில் ஊற்றியதும் விளக்கு அணைந்தது. அவர் திட்டவில்லை. நல்லது நினைத்துச் செய்தது எப்படிக் கோளாறாகும் என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நகவெட்டி ஒன்று அனுப்பு; இங்கே வாங்கியது மழுங்கல். அப்புறம், குட்டி போனில் என்னோடு பேச மாட்டேன் என்கிறாளே. பொம்மை அனுப்பினேன், கவுன் அனுப்பினேன், வாய் திறக்கவில்லை. இனி "அப்பாகிட்ட பேசு, பேசு" என்று அவளை நெருக்காதே. அவள் விளையாடுகிற இடத்தில் போனை வைத்துவிட்டுப் போ. நான் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பட்டறைக்குக் கூட்டிப்போகிற வேன்காரர் ஹாரன் அடிக்கிறார்.

உன்னவன்